"குளோரின் வேணும்" என்றால் எதைத் தருவார்கள்? அப்பார்ட்மென்ட் தொட்டிக்கு மருந்து போடப் போகும் புதியவர்களுக்கு

எங்கள் குடியிருப்பில் 48 வீடுகள். தரைக்கடியில் 60,000 லிட்டர் சம்ப், மொட்டை மாடியில் நான்கு தொட்டிகள். சென்னையின் தெற்குப் புறநகர் என்பதால் பாதி போர் தண்ணீர், பாதி லாரித் தண்ணீர். போன வருஷம் சங்கக் கூட்டத்தில் யாரும் கை தூக்காததால் செயலாளர் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பழைய செயலாளர் சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டு, லிஃப்டில் ஏறும்போது ஒரு வரி சொன்னார்: "சம்புக்கு மட்டும் மறக்காம குளோரின் போட்டுடுங்க சார்."

எந்தக் குளோரின், எவ்வளவு, எப்போது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த மூன்று மாதத்தில் நான் செய்த காரியங்கள்: குளோரினுக்கு எதிர்மருந்தையே வாங்கி சம்பில் கொட்டினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் 48 வீட்டுக் குழாயிலும் டீ நிறத்தில் தண்ணீர் வரவைத்தேன். இரண்டு கேன் மருந்தை மாடி வெயிலில் வைத்துத் தண்ணீராக்கினேன். நீங்களும் இப்போதுதான் பொறுப்பேற்றிருக்கிறீர்கள் என்றால் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

1. முதலில் கண்ணால் அடையாளம் காணப் பழகுங்கள்

கடையில் "குளோரின்" என்பது ஒரு பொருளின் பெயர் இல்லை. வாயு, திரவம், தூள், குருணை, மாத்திரை என்று எல்லா வடிவத்துக்கும் அந்த ஒரே பெயர்தான். எல்லாவற்றிலும் வேலை செய்கிற சரக்கு ஒன்று, பலம் வேறு வேறு. நான் பட்ட பாட்டில் முக்கால்வாசி இதைத் தெரிந்துகொள்ளாததால் வந்தது.

அசல் குளோரின் பசுமஞ்சள் நிற வாயு. காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனம், அதனால் மேலே போகாமல் தரையோடு தவழும், பள்ளத்தில் தேங்கும். மைனஸ் 34 டிகிரிக்குக் கீழே குளிர்வித்தால் தேன் நிறத் திரவமாகும். அவ்வளவு குளிர வைக்காமல், நம் ஊர் வெயிலிலேயே அழுத்தி அடைத்தாலும் திரவமாகிவிடும். உருளையில் அப்படித்தான் வருகிறது. மைனஸ் 101 டிகிரி அளவில் உறைந்து வெளிர் மஞ்சள் கட்டியாகும். அதை நீங்களும் நானும் பார்க்கப் போவதில்லை.

உருளையை நான் ஒரே ஒரு தடவை கிட்டே நின்று பார்த்தேன். என் மச்சான் ஒரு நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் ஆபரேட்டர். பொன்மஞ்சள் பெயின்ட் அடித்த 100 கிலோ உருளைகள் சுவரோரம் சங்கிலி கட்டி நின்றன. 900 கிலோ பிடிக்கிற பெரியது, அவர்கள் டன்னர் என்கிறார்கள், உருட்டிய மரக்கட்டை மாதிரி படுத்துக் கிடந்தது. ஒரு உருளை எடைமேடை மேலேயே நின்றது. ஏன் என்று கேட்டேன். "உள்ளே திரவம் ஒரு சொட்டு இருக்கிற வரைக்கும் மீட்டர் ஒரே அழுத்தம்தான் காட்டும் மாமா. எவ்வளவு மிச்சம்னு எடைதான் சொல்லும்" என்றார். அப்புறம் அமோனியாவில் நனைத்த பஞ்சை ஒரு குச்சியில் சுற்றி வால்வு பக்கம் காட்டினார். கசிவு இருந்தால் வெள்ளைப் புகை எழும்பும். அன்று எழும்பவில்லை, நான் மூச்சை விட்டேன். திரவமாக ஒரு லிட்டர் கசிந்தால் 450 லிட்டருக்கு மேல் வாயுவாக விரியும் என்று அவர் சொன்ன பிறகு அங்கே அதிக நேரம் நிற்கத் தோன்றவில்லை.

நமக்கு இது வேண்டாம். உருளை வைத்துக்கொள்வதற்கு 2016ஆம் ஆண்டின் எரிவாயு உருளை விதிகள், பயிற்சி பெற்ற ஆள், முகமூடி, கசிவு அடைக்கும் கருவிப்பெட்டி என்று ஒரு பட்டியலே இருக்கிறது. "மலிவா கேஸ் சிலிண்டரே போட்டுடலாம் சார்" என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள்.

நாம் வாங்கக்கூடியவை இவை:

பிளீச்சிங் பவுடர். வெள்ளை அல்லது லேசாக மஞ்சளடித்த தூள், 25 கிலோ மூட்டை. நல்ல சரக்கு மாவு போல உதிரும், மூட்டையைப் பிரித்ததும் மூக்கில் சுருக்கென்று ஏறும். கட்டி கட்டியாகவோ, பிசுபிசுப்பாகவோ இருந்தால், வாசனை மந்தமாக இருந்தால் பலம் போய்விட்டது. புதுச் சரக்கில் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, அதாவது 30 முதல் 35 சதவீதம், வேலை செய்யும் குளோரின். மீதி பெரும்பாலும் சுண்ணாம்பு. தண்ணீரில் போட்டால் பால் மாதிரி கலங்குவது அதனால்தான்.

சோடியம் ஹைப்போகுளோரைட். கடைக்காரர் வாயில் "ஹைப்போ" அல்லது "லிக்விட் குளோரின்". இந்த இரண்டாவது பெயர் சுத்தத் தப்பு. லிக்விட் குளோரின் என்பது மேலே சொன்ன உருளைச் சரக்கு, இது அதன் உப்புக் கரைசல். கலங்கல் இல்லாத, வெளிறிய பச்சை கலந்த மஞ்சள் நீர். 10 முதல் 12 சதவீதம் பலத்தில் நீலக் கேனில் வரும். பழசாகப் பழசாக நிறம் வெளுக்கும். நிறம் இருப்பதாலேயே பலம் இருக்கிறது என்று மட்டும் நம்பிவிடாதீர்கள்.

கால்சியம் ஹைப்போகுளோரைட் குருணை. பிளீச்சிங் பவுடருக்கு அண்ணன். வெள்ளைக் குருணை, பலம் 65 முதல் 70 சதவீதம். விலையும் அப்படித்தான்.

நீச்சல்குள மாத்திரை. உள்ளங்கை அகல வெள்ளை வில்லை, 90 சதவீதம் என்று டப்பாவில் போட்டிருக்கும். மெதுவாகக் கரையும், கைக்குச் சுலபம், அதனால் ஆசையாக இருக்கும். குடிநீர்த் தொட்டிக்கு இதைப் போடாதீர்கள். வெயிலில் குளோரின் போகாமல் இருக்கச் சேர்க்கும் சயனூரிக் அமிலம் தண்ணீரிலேயே தங்கிச் சேர்ந்துகொண்டு போகும்.

இப்போது என் முதல் கோமாளித்தனம். கெமிக்கல் கடையில் போய் "ஹைப்போ ஒரு கிலோ" என்றேன். பையன் கற்கண்டு மாதிரி பளபளவென்று ஒரு படிகத்தைக் கட்டிக் கொடுத்தான். அழகாக இருக்கிறதே என்று வாங்கி வந்து சம்பில் கரைத்தேன். அது சோடியம் தயோசல்பேட். போட்டோ ஸ்டுடியோக்காரர்களும் மீன் வளர்ப்பவர்களும் பல காலமாக அதைத்தான் ஹைப்போ என்கிறார்கள். மீன் தொட்டித் தண்ணீரிலிருந்து குளோரினை எடுப்பதற்கே அதைப் போடுவது. லாரிக்காரர் போட்டுக் கொண்டுவந்திருந்த கொஞ்சநஞ்சக் குளோரினையும் நான் காசு கொடுத்துக் காலி செய்தேன். கேட்கும்போது முழுப் பெயர் சொல்லுங்கள்: சோடியம் ஹைப்போகுளோரைட், திரவம், 10 சதவீதத்துக்கு மேல். படிகமாகக் கொடுத்தால் அது நம்முடையது இல்லை.

2. தண்ணீரைச் சோதிக்காமல் மருந்து வாங்காதீர்கள்

முதலில் தொட்டியை அளங்கள். நீளம், அகலம், தண்ணீர் நிற்கும் உயரம், மூன்றையும் மீட்டரில் பெருக்கி 1000ஆல் பெருக்கினால் லிட்டர். பில்டர் வரைபடத்தை நம்பாதீர்கள். எங்கள் சம்ப் வரைபடத்தில் 75,000 லிட்டர்.

அடுத்து ஆய்வக அறிக்கை. மாவட்டத் தலைநகரங்களில் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்கள் இருக்கின்றன, அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகங்களும் உண்டு. நான் தனியாரிடம் கொடுத்தேன், 2,500 ரூபாய் ஆனது, ஐந்து நாளில் அறிக்கை வந்தது. கிருமிச் சோதனைக்கு மட்டும் ஆய்வகம் தரும் சுத்திகரித்த பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும். பழைய மினரல் வாட்டர் பாட்டிலில் கொண்டுபோனால் திருப்பி அனுப்புவார்கள், அனுப்பவில்லை என்றால் அந்த ஆய்வகத்தையே மாற்றுங்கள். பிடித்த தண்ணீரை ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே கொடுத்துவிடுங்கள். கிருமி வளர்ந்துதான் பார்க்க முடியும் என்பதால் "நாளைக்கே ரிப்போர்ட்" என்று யாராவது சொன்னால் சந்தேகப்படுங்கள்.

அறிக்கையில் நமக்கு முக்கியமானவை கலங்கல், பிஎச் (அமில-காரத் தன்மை), இரும்பு, அமோனியா, கோலிஃபார்ம் (கழிவு கலந்திருப்பதைக் காட்டிக்கொடுக்கும் கிருமி).

இரும்பை நான் கவனிக்கவில்லை. போர் தண்ணீரில் கரைந்திருக்கும் இரும்பு கண்ணுக்குத் தெரியாது, டம்ளரில் பிடித்தால் கண்ணாடி மாதிரி இருக்கும். குளோரின் பட்டதும் அது துருவாக மாறிப் பழுப்பாகும். சனிக்கிழமை இரவு தாராளமாக ஊற்றினேன், ஞாயிறு காலை ஆறரைக்கு மூன்றாம் மாடியிலிருந்து முதல் போன். வெள்ளைச் சட்டையைத் துவைக்கப் போட்டவர்கள் இன்றும் என்னைப் பார்த்தால் சிரிப்பதில்லை. ஒரு மில்லிகிராம் இரும்பு சுமார் 0.6 மில்லிகிராம் குளோரினைத் தின்றுவிடும் என்பது இன்னொரு நஷ்டம். இரும்பு இருந்தால் முதலில் அதற்கு ஃபில்டர், அப்புறம்தான் குளோரின்.

அமோனியா அதைவிட மோசம். எவ்வளவு ஊற்றினாலும் சோதனையில் குளோரின் காட்டவில்லை என்றால் மருந்தைக் குறை சொல்வதற்கு முன் கழிவுநீர்க் குழாய் எங்காவது சம்பில் கசிகிறதா என்று பாருங்கள். கழிவுநீரின் அமோனியா தன் எடையைப் போல எட்டுப் பத்து மடங்கு குளோரினை விழுங்கும்.

3. வாங்கும்போது கேட்க வேண்டிய காகிதங்கள்

சின்னக் கடையானாலும் பரவாயில்லை, இவற்றைக் கேளுங்கள்:

உற்பத்தித் தேதியும் பேட்ச் எண்ணும். கேனில் ஒட்டியிருக்க வேண்டும். "போன வாரம்தான் வந்துச்சு சார்" என்பது கடைக்கு வந்த தேதி.

அந்தப் பேட்சின் சோதனைச் சான்றிதழ். அதில் அவைலபிள் குளோரின், அதாவது வேலை செய்யும் குளோரின், என்ற வரியைப் பாருங்கள். அந்த எண்தான் நம் கணக்கின் தலை.

ஐ.எஸ். எண், அதாவது இந்தியத் தர நிர்ணய எண். பிளீச்சிங் பவுடருக்கு 1065, சோடியம் ஹைப்போகுளோரைட்டுக்கு 11673.

பாதுகாப்புத் தகவல் தாள். ஒரு நகல் மோட்டார் ரூமில் ஒட்டி வையுங்கள். ஒருநாள் யாராவது கண்ணில் தெறிக்கவிட்டுக்கொண்டால் மருத்துவர் முதலில் கேட்பது "என்ன மருந்து" என்பதைத்தான்.

ஜி.எஸ்.டி. பில். இது மருந்துக்காக இல்லை, ஆடிட்டருக்காக.

விலை ஊருக்கு ஊர் மாறும். நான் கொடுத்தது 35 லிட்டர் ஹைப்போகுளோரைட் கேனுக்கு சுமார் 800 ரூபாய், கேன் டெபாசிட் தனி. பிளீச்சிங் மூட்டை ஆயிரத்தைச் சுற்றி. இங்கே ஒரு கண்ணி இருக்கிறது: சிலர் லிட்டர் கணக்கில் விற்பார்கள், சிலர் கிலோ கணக்கில். இந்தக் கரைசல் ஒரு லிட்டர் ஏறத்தாழ 1.2 கிலோ. 50 கிலோ கேன் என்றால் உள்ளே சுமார் 42 லிட்டர்தான். இரண்டு கடை விலையை ஒப்பிடும்போது இதைச் சரிசெய்யாமல் நான் ஒருவரை மலிவு என்று நினைத்து நாலு மாதம் வாங்கினேன்.

4. கணக்கு

மனதில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்றால் 1000 லிட்டருக்கு ஒரு கிராம் சுத்தக் குளோரின்.

60,000 லிட்டர் சம்புக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் போட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தேவை 120 கிராம் குளோரின். 33 சதவீதப் பிளீச்சிங் பவுடர் என்றால் சுமார் 360 கிராம். 10 சதவீத ஹைப்போகுளோரைட் என்றால் 1.2 லிட்டர். 70 சதவீதக் குருணை என்றால் 170 கிராம். பாருங்கள், ஒரே வேலைக்கு எடை எப்படி மாறுகிறது. பழைய செயலாளர் நோட்டில் "அரை கிலோ குளோரின்" என்று எழுதியிருந்தார். எந்தக் குளோரின் என்று எழுதவில்லை. குருணையில் அரை கிலோ போட்டிருந்தால் மூன்று மடங்கு.

சரி, 2 மில்லிகிராம் என்று யார் முடிவு செய்வது? உங்கள் தண்ணீர்தான். அதற்கு வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை இது. 100 மில்லி ஹைப்போகுளோரைட்டில் 900 மில்லி தண்ணீர் கலந்து ஒரு சதவீதக் கரைசல் ஆக்குங்கள். ஐந்து பிளாஸ்டிக் பக்கெட்டில் சம்ப் தண்ணீர் பத்துப் பத்து லிட்டர். மெடிக்கல் ஷாப் சிரிஞ்சால் முதல் பக்கெட்டுக்கு 1 மில்லி, அடுத்ததற்கு 2, இப்படி 5 வரை. ஒரு மில்லிக்கு லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்று வரும். கலக்கி மூடி அரைமணி நேரம் விடுங்கள். அப்புறம் ஒவ்வொன்றிலும் மிச்சக் குளோரின், அதாவது செலவானது போகத் தண்ணீரில் மீந்திருப்பது, எவ்வளவு என்று பாருங்கள் (பார்க்கும் முறை 6ஆம் பகுதியில்). எந்தப் பக்கெட்டில் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் பக்கம் காட்டுகிறதோ அதுதான் உங்கள் அளவு. எங்களுக்கு மழைக்காலத்தில் இரண்டாவது பக்கெட், கோடையில் லாரித் தண்ணீர் அதிகமானால் மூன்றாவது. ஒரு மணி நேர வேலை. சீசனுக்கு ஒரு தடவை செய்தால் போதும், லாரிக்காரர் மாறினால் இன்னொரு தடவை.

5. கரைப்பதும் ஊற்றுவதும்

பிளீச்சிங் பவுடரை நேராக சம்பில் தூவாதீர்கள். பிளாஸ்டிக் பக்கெட்டில் முதலில் கொஞ்சம் தண்ணீர் விட்டு தோசை மாவு பதத்துக்குக் குழைத்து, பிறகு பக்கெட்டை நிரப்பிக் கலக்கி, அரைமணி நேரம் அசையாமல் வையுங்கள். சுண்ணாம்பு கீழே படியும். மேலே தெளிந்து நிற்கும் நீரில்தான் குளோரின் இருக்கிறது, அதை மட்டும் மெதுவாக இறுத்து சம்பில் ஊற்றுங்கள். அடிவண்டலைக் கொட்டினால் அது மோட்டார் ஃபுட் வால்வில் போய் உட்கார்ந்துகொள்ளும். இரும்பு வாளி, அலுமினியப் பாத்திரம் கூடாது, அரித்துவிடும்.

ஹைப்போகுளோரைட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஒரு பக்கெட் தண்ணீரில் கலந்து ஊற்றலாம். கேனைத் தூக்கிச் சரித்து ஊற்றாமல் கைப்பம்ப் வாங்குங்கள், ஒரு கேன் நாற்பது கிலோவுக்கு மேல். கண்ணாடியும் ரப்பர் கையுறையும் வாட்ச்மேனுக்கு மட்டும் இல்லை, உங்களுக்கும் ஒரு ஜோடி.

நேரம் முக்கியம். லாரி இறக்கி முடித்து, போர் மோட்டார் நின்ற பிறகு ஊற்றுங்கள். தண்ணீர் கொட்டும்போதே ஊற்றினால் கலக்கும் என்பது உண்மைதான், ஆனால் முழுக் கொள்ளளவு தெரியாமல் அளவு தப்பும். ஊற்றிய பிறகு குறைந்தது அரைமணி, முடிந்தால் ஒரு மணி நேரம் மேல் தொட்டிக்கு ஏற்றாதீர்கள். கிருமி சாக அந்த அவகாசம் வேண்டும். இரவு பத்தரைக்கு ஊற்றி, அதிகாலை நாலு மணிக்கு மோட்டார் போடுவது எங்கள் வழக்கம்.

பிறகு டோசிங் பம்ப் ஒன்று வைத்தோம், பிளம்பர் கூலியோடு 14,000 ரூபாய் ஆனது. மோட்டார் ஓடும்போது மட்டும் சொட்டுச் சொட்டாக விடும். வைத்தால் நிம்மதி, ஆனால் கரைசலை நீர்க்கவைக்க போர் தண்ணீரை எடுக்காதீர்கள். கடினநீரில் சுண்ணாம்பு படிந்து ஊசிமுனைத் துவாரம் அடைத்துக்கொள்ளும். ஆர்.ஓ. தண்ணீரோ மழைநீரோ நல்லது.

வீட்டு ஆர்.ஓ. மெஷின்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. குளோரின் அதன் சவ்வைக் கெடுக்கும். முன்னால் இருக்கும் கார்பன் ஃபில்டர்தான் அதைத் தடுக்கிறது. மருந்து போட ஆரம்பிக்கும்போதே எல்லோருக்கும் ஒரு அறிவிப்பு அனுப்பி, கார்பன் ஃபில்டரை நேரத்துக்கு மாற்றச் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் பழுதான எல்லா மெஷினுக்கும் பில் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டும்.

6. சோதிப்பது: மூக்கை நம்பாதீர்கள்

"வாசனை வருது, குளோரின் ஜாஸ்தி" என்பார்கள். பல சமயம் உண்மை தலைகீழ். அந்தக் காட்டமான வாசனை குளோரினும் அமோனியாவும் சேர்ந்த குளோரமினுடையது, அதாவது மருந்து போதாமல் பாதி வழியில் நிற்கிறது என்று அர்த்தம்.

சுகாதார ஆய்வாளர்கள் கையில் வைத்திருக்கும் குளோரோஸ்கோப் பெட்டி போல ஒன்று 400 ரூபாய்க்கு வாங்கினேன். குழாயில் கோடு வரை தண்ணீர், சில சொட்டு ஆர்த்தோடோலிடின், மஞ்சள் நிறம் வரும், பக்கத்து வண்ண அட்டையோடு ஒப்பிட வேண்டும். சொட்டு விட்ட உடனே பாருங்கள். அப்போது தெரிவதுதான் வேலைக்குத் தயாராக இருக்கும் குளோரின். ஐந்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் குளோரமினும் சேர்ந்து நிறம் கூடியிருக்கும். அந்தத் தண்ணீரைத் தொட்டியில் திருப்பி ஊற்றாதீர்கள், அந்தச் சொட்டு மருந்து உடம்புக்கு ஆகாது. கையைக் கழுவிவிடுங்கள்.

டி.பி.டி. என்ற மாத்திரை முறையில் இளஞ்சிவப்பு வரும், இதுதான் துல்லியம். ஆனால் ஒரு பொல்லாத குணம் உண்டு. குளோரின் மிக அதிகமாக இருந்தால் வந்த சிவப்பையே அது வெளுத்துவிடும், பார்ப்பவர் குளோரினே இல்லை என்று இன்னும் ஒரு லிட்டர் ஊற்றுவார். மாத்திரை விழுந்ததும் பளிச்சென்று சிவந்து மறைந்தால், தண்ணீரைப் பத்துக்கு ஒன்றாக நீர்க்கவைத்து மறுபடி பாருங்கள்.

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500 சொல்வது, மிச்சக் குளோரின் குறைந்தது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம், வைரஸ் தொற்று அபாயம் இருக்கும் காலத்தில் 0.5. மேல் வரம்பு 1. சம்பில் பார்த்தால் போதாது. மோட்டாரிலிருந்து மிகத் தள்ளி இருக்கும் வீட்டுச் சமையலறைக் குழாயில் பாருங்கள். எங்களுக்கு அது நாலாம் மாடி மூலை வீடு. அந்த வீட்டு அம்மா இப்போது தானே சொட்டு விட்டுப் பார்த்து எனக்கு போட்டோ அனுப்பிவிடுகிறார்.

7. எங்கே வைப்பது

நான் மாடியில் வைத்தேன், அங்கேதான் இடம் இருந்தது. மே மாதம். இரண்டே வாரத்தில் கேன் வயிறு ஊதிக்கொண்டது. ஹைப்போகுளோரைட் சிதையும்போது ஆக்சிஜன் வெளியேறும், மூடியை இறுக்கியிருந்தால் கேன் உப்பும். வெப்பம் பத்து டிகிரி கூடினால் சிதையும் வேகம் மூன்று நாலு மடங்காகும். அளவு மாறாமல் ஊற்றிக்கொண்டிருந்தேன், சோதனையில் ஒன்றும் காட்டவில்லை. சரி, கூட ஊற்றுவோம் என்று இரட்டிப்பாக்கினேன். புதுக் கேன் வந்த அன்றும் அதே இரட்டிப்பு. அன்று குளித்த குழந்தைகள் கண் எரிகிறது என்று அழுதார்கள். புதுக் கேன் திறந்த நாளில் அளவை மறுபடி பக்கெட் சோதனையில் சரிபார்ப்பது அன்றிலிருந்து பழக்கமாகிவிட்டது.

நிழல், காற்றோட்டம், தரைமட்டம். காற்றுப்போக்கி உள்ள மூடி. பிளீச்சிங் மூட்டையானால் தரையில் படாமல் பலகை மேல், பிரித்த மூட்டையை மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்மில். மின்சார பேனல் இருக்கும் அறையில் வேண்டாம், ஆவி பட்டு செம்புக் கம்பிகள் பச்சை பிடிக்கும்.

அதிகம் வாங்காதீர்கள். எங்களுக்கு ஒரு நாளைக்கு 30,000 லிட்டர் செலவு, 600 மில்லி மருந்து, மாதம் 18 லிட்டர். 35 லிட்டர் கேன் இரண்டு மாதம் வரும், கோடையில் அது ரொம்ப நீளம். பக்கத்துக் குடியிருப்போடு பேசி ஒரு கேனைப் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொள்கிறோம். மாதம் 400 ரூபாய், வீட்டுக்குப் பத்து ரூபாய்கூட இல்லை. கூட்டத்தில் செலவைப் பற்றிக் கேள்வி வந்தால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

8. எதோடு எதைச் சேர்க்கக் கூடாது

இதை வேகமாகப் படித்துத் தாண்டாதீர்கள்.

எங்கள் கிளப் ஹவுஸ் கழிவறையில் துப்புரவு வேலை செய்யும் அக்கா தரையில் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துவிட்டு, கறை போகவில்லை என்று மேலேயே பாத்ரூம் ஆசிட்டை ஊற்றிவிட்டார். ஆசிட் பட்டால் பிளீச்சிங் பவுடரிலிருந்தும் ஹைப்போகுளோரைட்டிலிருந்தும் அசல் குளோரின் வாயு கிளம்பும். நான் போனபோது அவர் வெளியே படியில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார். "கண்ணு எரியுது சார், நெஞ்சை அடைக்குது" என்றார். எட்டிப் பார்த்தேன், பசுமஞ்சள் எதுவும் தெரியவில்லை. மூக்கு மட்டும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டது. பாடப்புத்தக நிறம் கண்ணுக்குத் தெரியும் வரை காத்திருந்தால் அதற்குள் ஆள் விழுந்திருப்பார். கதவைத் திறந்துவிட்டு எல்லோரையும் மேல் தளத்துக்கு அனுப்பினோம், அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். ஒரு இரவு கண்காணிப்பில் வைத்து அனுப்பினார்கள். தொல்லை சில மணி நேரம் கழித்தும் முற்றலாம் என்பதால் "இப்ப பரவாயில்ல சார்" என்று சொன்னாலும் அழைத்துப் போய்விடுங்கள்.

ஆசிட் ஒரு அறையில், குளோரின் இன்னொரு அறையில், சாவி வேறு வேறு. அமோனியா கலந்த கிளீனர்களும் கூடாது. நீச்சல்குள வில்லையையும் கால்சியம் ஹைப்போகுளோரைட் குருணையையும் ஒரே கரண்டியால்கூட எடுக்காதீர்கள், இரண்டும் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும்.

வாயு கிளம்பினால் கீழே ஓடாதீர்கள், பேஸ்மென்ட் பக்கம் போகவே கூடாது. மேலே, காற்று வரும் திசைக்கு.

சம்பைக் கழுவும்போதும் இதே நினைப்பு வேண்டும். கழுவி முடித்தபின் தொட்டியை நிரப்பி லிட்டருக்கு 50 மில்லிகிராம் அளவில் ஒரு நாள் ஊறவைத்துக் கொட்டுவது வழக்கம். எங்கள் 60,000 லிட்டருக்கு அது 9 கிலோ பிளீச்சிங். மருந்தைப் போடுவதற்கு முன்பே எல்லாக் குழாயிலும் "குடிக்காதே" என்று சீட்டு. ஊறிய தொட்டிக்குள் யாரையும் இறக்காதீர்கள். காலியாக்கி, இரண்டு மூடியையும் திறந்து, காற்றாடி வைத்த பிறகும், இடுப்பில் கயிறும் மேலே ஒரு ஆளும் இல்லாமல் இறக்காதீர்கள்.

9. ஒரு நோட்டு

நூறு பக்க நோட்டு ஒன்று மோட்டார் ரூமில் ஆணியில் தொங்குகிறது. தேதி, பொருளின் பெயர், கேன் பேட்ச் எண், சான்றிதழில் உள்ள சதவீதம், ஊற்றிய அளவு, ஊற்றிய நேரம், நாலாம் மாடி மூலை வீட்டில் காட்டிய எண், ஊற்றியவர் கையெழுத்து. எட்டுக் கட்டம். வாட்ச்மேன் தாத்தா தமிழில் எழுதுவார், அதனால் தலைப்பும் தமிழில். பொருளின் பெயர்க் கட்டத்தில் "குளோரின்" என்று எழுதினால் மட்டும் அடித்துவிட்டுத் திருப்பி எழுதச் சொல்வேன்.